பட்டியல் கையில்தான் இருக்கிறது

ஏப்ரல் பிறந்தால் போதும், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அந்தச் செய்திக்குறிப்பு வந்துவிடும். மாவட்டம் மாறும், ஆட்சியர் மாறுவார், வாசகம் மட்டும் மாறாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வர வேண்டாம், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், தளர்வான பருத்தி ஆடை உடுத்துங்கள். ஒரு வரிகூடத் தப்பில்லை. எல்லாம் சரியான அறிவுரைதான், வீட்டில் இருப்பதா வெளியே போவதா என்று தானே முடிவெடுக்கக் கூடியவர்களுக்கு.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரி. 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த உப்பை இன்றைக்கும் அள்ளிக்கொண்டிருப்பவர்கள் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் கோடையில் போனால் கண் கூசும். தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் முக்காடு போட்ட பெண்கள். உப்பு விளைய வெயில் வேண்டும். வெயில் ஏற ஏற விளைச்சல் கூடும். ஆக, வீட்டை விட்டு வராதே என்று அரசு சொல்லும் அதே மாதங்களில்தான் வேலையும் அதிகம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி தண்ணீருக்குள் போய்விடும், கூலியும் போய்விடும். மழைக்காலத்துக்கு வேண்டிய அரிசியைக் கத்திரி வெயிலில் சம்பாதித்து வைத்தால்தான் உண்டு. பிள்ளைத்தாச்சியாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

என் சித்தி உப்பளத்தில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு பாத்தியில் இறங்கியவர். இறங்கி உப்பை வார வேண்டும், வாரியதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கரையில் கொட்ட வேண்டும். ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏன் சித்தி, ஆறாம் மாசத்தோட நின்னுருக்கலாமே?" சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "நின்னுட்டு? ஒங்க சித்தப்பா கூலி சோத்துக்குச் சரியாப் போயிரும். ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுக்கு யாரு குடுப்பா?"

சித்திக்கு நடுவில் ஒன்று தங்கவில்லை. எங்கள் ஊரில் இதை அப்படித்தான் சொல்வார்கள். தங்கல, அவ்வளவுதான். அதற்குமேல் ஏதாவது காரணம் சொன்னால் அது கண்ணேறாக இருக்கும், ராசியாக இருக்கும், இல்லாவிட்டால் மாமியார் சொன்னதைக் கேட்காமல் எங்கோ போனதாக இருக்கும். வெயில் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் பொதுவாக அடிக்கிற வெயிலை ஒருத்தி வயிற்றில் நடந்ததற்குக் காரணமாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழுவினருக்குத் தோன்றியிருக்கிறது. 2017ல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பமுள்ள இடங்களில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை போல ஓரளவு நிழலான இடங்களில் இருந்தவர்கள். முடிவு 2024ல் வந்தது. வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் ஆபத்து மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. படித்தவுடன் சித்திக்குப் போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அதைத் தெரிந்துகொண்டு அவர் என்ன செய்வார்?

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தபோதுதான் இது எவ்வளவு இயல்பான விளைவு என்று புரிந்தது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே இதயத்துக்கு வேலை அதிகம். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை தாயைவிட அரை டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைத் தானே வெளியேற்ற அதற்கு வழி கிடையாது, வியர்க்கவா முடியும்? தாயின் ரத்தம்தான் வாங்கிக்கொண்டு போய் வெளியே விட வேண்டும். தாயின் உடம்பே கொதிக்கும்போது அந்த வழி அடைபடுகிறது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்புகிறது, நஞ்சுக்கொடிக்குப் போகும் பங்கு குறைகிறது. அதோடு வியர்த்து வியர்த்து நீர் வற்றினால் கர்ப்பப்பை நேரத்துக்கு முன்பே சுருங்கத் தொடங்கும் அபாயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் வயல் வேலை செய்யும் 92 கர்ப்பிணிகளை வேலை நேரத்திலேயே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2022ல் வந்தது. உடம்பின்மேல் விழும் வெப்பச் சுமை 1 டிகிரி கூடினால், கருவிலிருக்கும் குழந்தை திணறுவதற்கான வாய்ப்பு 17 சதவீதம் கூடியிருந்தது. அந்தப் பெண்களும் கூலிக்காகவோ சொந்தச் சோற்றுக்காகவோ வெயிலில் நின்றவர்கள்தான்.

உலகம் முழுக்க 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. வெப்பம் 1 டிகிரி கூடினால் குறைமாதப் பிரசவமும் குழந்தை இறந்து பிறப்பதும் தலா 5 சதவீத அளவுக்குக் கூடுகின்றன. வெப்ப அலை அடிக்கும் நாட்களில் குறைமாதப் பிரசவம் 16 சதவீதம் கூடுகிறது. தனி ஒருத்திக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆண்டுக்கு ஆண்டு கோடை நீள்கிற ஒரு நாட்டில், ஒரு மாவட்டத்தின் எல்லாப் பிரசவங்களுக்கும் இதைப் பெருக்கிப் பார்த்தால் சின்ன எண் இல்லை.

இதில் கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு வம்பு. வெப்ப அலை என்று வானிலை ஆய்வு மையம் அறிவிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சமவெளி என்றால் குறைந்தது 40 டிகிரி, கடலோரம் என்றால் 37 டிகிரி, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் 36, 37 டிகிரியும் கூடவே கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து வியர்வை காயாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அது அலைக் கணக்கில் வராது. வேலூர்க்காரர்கள் 42 டிகிரியில் தொலைக்காட்சிச் செய்தியில் வந்துவிடுவார்கள், நாங்கள் வருவதில்லை. ஆனால் வேலையிடத்து வெப்பத்தை ஆராய்கிறவர்கள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. காற்றின் ஈரம், நேரடி வெயில், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து ஒரே அளவாகப் பார்க்கிறார்கள். கடின உடலுழைப்புக்கு அந்த அளவில் 27.5 டிகிரிதான் எல்லை என்று ஸ்ரீராமச்சந்திரா ஆய்விலும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் காலைப் பலகாரத்துக்கு உட்காரும் நேரத்துக்குள் அது தாண்டிவிடும் என்பது என் ஊகம்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்தது அதற்காகத்தான்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் நல்ல மனுஷி. மாசமாக இருக்கும் பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், சத்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா" என்று எல்லாரிடமும் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள். உப்பளத்துக்குப் போகிற யாரும் குடிப்பதில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோவது உண்டு, பாதி திரும்பி வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு மருமகளிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"குடிக்கலாம்க்கா. குடிச்சா ஒதுங்க எங்க போறது? அங்க ஒரு செடி இருக்கா, மறைப்பு இருக்கா? கண்ணுக்கெட்டுற தூரத்துக்கு ஆம்பளைங்கதான் நிக்கிறாங்க."

உப்பளம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு மரம் கிடையாது, ஒரு மேடு கிடையாது. கரைதான் இருப்பதிலேயே உயரம், அது முழங்காலுக்கு வரும். விடியுமுன் இருட்டில் ஒருமுறை போய்விட்டு வந்தால், வேலை முடிந்து வீடு வரும் வரை அடக்கிக்கொள்வதுதான் வழக்கம். அடக்க வேண்டுமென்றால் குடிக்கக் கூடாது. ஆக, உப்புத் தண்ணீரில் கணுக்கால் வரை நின்றுகொண்டு நாக்கு வறளக் காத்திருக்கிறாள் ஒரு பிள்ளைத்தாச்சி. பிறகு நீர்க்கடுப்பு வரும். "சூடு புடிச்சிக்கிச்சு" என்று விளக்கெண்ணெயைத் தொப்புளில் தடவிக்கொள்வார்கள். கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகலாம், குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். ஸ்கேனில் "பனிக்குடத் தண்ணி கம்மியா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், "ஏம்மா தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று அவளுக்குத்தான் திட்டு விழும்.

பருவநிலை மாற்றம் என்றால் பனிமலை உருகுவது, கடல்மட்டம் ஏறுவது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஊருக்கு அதன் முதல் படமாக ஒரு கழிப்பறையைத்தான் போடுவேன். ஒரு மறைப்பு, ஒரு குடிநீர்த் தொட்டி, நிழலுக்கு ஒரு கொட்டகை. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் மூன்று லிட்டர் என்ற அறிவுரைக்குப் பொருள் உண்டு. கட்சிக்காரர்கள் கோடை வந்ததும் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள், தர்பூசணி வெட்டுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பந்தலெல்லாம் பேருந்து நிலையத்தில். உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு பந்தலை நான் பார்த்ததில்லை. அங்கே பேனரைப் படிக்க ஆளில்லையே.

வெளியே போகாமல் வீட்டில் இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் வீட்டைப் பொறுத்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. அதுவரை எங்கள் தெருவில் பாதிக்குமேல் கீற்று வீடுகள். புயல் கீற்றையும் கொண்டுபோனது, கீற்று தரும் தென்னையையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எழும்பிய வீடுகள் பெரும்பாலும் சிமெண்ட் ஷீட்டும் தகரமும்தான். காற்றுக்குத் தாங்கும் என்று போட்டார்கள். காற்றுக்குத் தாங்குகிறதோ இல்லையோ, மதியம் இரண்டு மணிக்கு அதன் கீழே மனிதர் உட்கார முடியாது. ராத்திரி பத்து மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்கும். ஒரு பேரிடருக்குப் பயந்து போட்ட கூரை அடுத்ததை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டது.

அப்படிப்பட்ட ஷீட்டு வீட்டுக்குள்தான் என் தங்கை முதல் பிரசவத்துக்கு வந்தாள். சித்திரையில் பிள்ளை பிறந்தது. "சித்திரை அப்பன் தெருவிலே" என்று பழமொழி சொல்வார்களே, அதைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டில் ஒரு பாட்டி முகம் சுளித்தார். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதே கத்திரி வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்பதற்காகத்தான், முன்னோர் அறிவியல் என்று வாட்சப்பில் வருடந்தோறும் சுற்றுகிறது. இருக்கலாம். வெயிலில் பிறக்கும் குழந்தை அதிகம் செத்துப்போனதை நம் கிழவிகள் பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்துவிட்டு வெயிலைக் குறை சொல்லாமல் குழந்தையின் ஜாதகத்தைக் குறை சொன்னார்களே, அதை அறிவியல் என்று என்னால் கொண்டாட முடியவில்லை. ஆடியில் பிரித்து வைத்தால் மட்டும் தீர்கிற விஷயமா? பங்குனியிலும் வைகாசியிலும் பிறக்கும் குழந்தைக்கு வேறு வெயிலா அடிக்கிறது?

பிரசவம் முடிந்து வந்தவளை எங்கள் அம்மாச்சி ஏற்றுக்கொண்டார். பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது. ஜன்னல் சாத்தப்பட்டது. காதில் பஞ்சு வைக்கப்பட்டது. மின்விசிறி கூடாது. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கிப்போகும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு டம்ளர், அதுவும் வெந்நீர். குழந்தைக்குத் தலையோடு கால் இறுகச் சுற்றிய துணி, தொப்பி, கம்பளிச் சாக்ஸ். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணிப் புகை. ஐப்பசி அடைமழையில் ஈரச் சுவருள்ள கூரை வீட்டில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இதில் பாதி பொருந்தியிருக்கலாம். சித்திரையில் ஷீட்டின் கீழ் இது அடுப்பு.

மூன்றாம் நாள் குழந்தை சுணங்கிப் போய்க் கிடந்தது. பால் குடிக்க எழுப்பினால் எழவில்லை, உடம்பு தொட்டால் சுட்டது. காய்ச்சல் என்று கஷாயம் வைக்கப் போனார்கள். செவிலியருக்குப் போன் போட்டோம். அவர் வந்து முதலில் குழந்தையின் துணியை அவிழ்த்தார், இரண்டாவதாக ஜன்னலைத் திறந்தார், மூன்றாவதாக என் தங்கையின் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து "முழுசா குடி" என்றார். பிறகு எத்தனை முறை ஒன்றுக்குப் போனது என்று கேட்டார். நாங்கள் எண்ணவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே எடை குறைந்திருப்பதாகச் சொல்லி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அம்மாச்சியோடு செவிலியர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. "காத்துதான ஆயா படக்கூடாது, பேன் நேரா மேல அடிக்க வேணாம், செவுத்துப் பக்கம் திருப்பி வைங்க" என்றார். "சாம்பிராணி போடுங்க, வாசல்ல போடுங்க, கொசு வராது" என்றார். வெந்நீர்தான் கொடுப்பேன் என்றால் சரி, ஆறவைத்து எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். ஒரே இடத்தில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தைக்குத் தாகமாக இருக்கும், ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா என்று அம்மாச்சி கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், எவ்வளவு வெயில் அடித்தாலும். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். வெயில் நாளில் அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய்.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், கைக்குழந்தையின் உடம்பு நம் உடம்பின் சின்ன அச்சு இல்லை. எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம், சுற்றிலும் உள்ள சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். வியர்த்துத் தணிக்கும் திறன் இன்னும் முழுமையாக வரவில்லை. போர்வையைத் தள்ளத் தெரியாது, தாகம் என்று சொல்லத் தெரியாது. அழுதால் பரவாயில்லை, அழாமல் துவண்டு கிடந்தால்தான் ஓட வேண்டும். முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணியை நனைக்க வேண்டும், சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கக் கூடாது. இந்த அளவுக்குப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், பாதிச் சிக்கல் மருத்துவமனை வரை போகாது.

கூரை என்றதும் நினைவுக்கு வருவது அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் கணக்கெடுத்தார்கள். அந்த நகரத்தில் ஏசி இல்லாத ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. வெயிலைத் தலையில் வாங்கும் மாடி. அந்த ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் அங்கே பிறந்த குழந்தைகளில் 24 பேரை வெப்பத்தால் பாதிக்கப்பட்டதாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 8 பேர். மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? வார்டைக் கீழே இறக்கினார்கள். 2011 கோடையில் 4 பேர். வெயிலும் 2010 அளவுக்கு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதைக் கழித்துப் பார்த்த பிறகும் கீழ்த்தளத்துக்கு மாற்றியதன் பலன் தனியாகத் தெரிந்தது என்கிறது ஆய்வு. 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இந்தச் சேர்க்கை 43 சதவீதம் கூடியது என்பதும் அதில்தான் வருகிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே, எந்தப் புது இயந்திரமும் இதில் கிடையாது என்பதுதான். யாரோ ஒரு மருத்துவர் இந்த வருடம் ஏன் இத்தனை குழந்தைகள் கொதித்துப்போய் வருகின்றன என்று நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார், கட்டிலை மாற்றச் சொல்லியிருக்கிறார். 2013ல் அகமதாபாத் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம்தான் தெற்காசியாவிலேயே முதலாவது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் எழுதின. நம்முடைய தாலுகா மருத்துவமனைகளில் பிரசவ வார்டு எந்த மாடியில் இருக்கிறது, அதன் மேல் என்ன கூரை, மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பாவது அடித்திருக்கிறார்களா என்று அடுத்த முறை யாரையாவது பார்க்கப் போகும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.

வெள்ளத்தில் நாம் இதைவிட நன்றாகச் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஒரு நிறைமாத கர்ப்பிணியை மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கினார்கள், பிறகு அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. எல்லாரும் கொண்டாடிய படம் அது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஹெலிகாப்டரே தேவைப்படாமல் செய்வது. 2024 அக்டோபரில் டானா புயல் வருவதற்கு முன்னால் ஒடிசா அரசு பிரசவ நாள் நெருங்கிய 4,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை மருத்துவமனைகளுக்கு அருகே கொண்டுவந்துவிட்டது. அவர்களில் சுமார் 1,600 பேருக்கு அந்த நாட்களிலேயே பிரசவமும் ஆனது. புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் பக்கமும் செவிலியர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தேதி நெருங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார். யாரும் மறுப்பதில்லை.

அந்தப் பட்டியல் எப்படி வருகிறது? தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம் என்பதால் எல்லாரும் வாங்கிவிடுகிறார்கள். யார், எந்தத் தெரு, எத்தனையாவது பிரசவம், எந்தத் தேதி என எல்லாம் அதில் இருக்கிறது. அதாவது, வருகிற மே மாதம் கத்திரி வெயிலில் எட்டாம் மாதத்தில் இருக்கப் போகிறவள் யார் என்று ஜனவரியிலேயே அரசுக்குத் தெரியும். எந்த வாரம் வரும் என்று தெரியாத புயலுக்கு அந்தப் பட்டியலை எடுக்கிறோம். வருடம் தவறாமல் மே 4ஆம் தேதி வாக்கில் வரும் கத்திரிக்கு எடுப்பதில்லை.

எடுத்தால் என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதிவின்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: என்ன வேலை, என்ன கூரை. உப்பளம், சூளை, வயல் என்றால், ஷீட்டு வீடு என்றால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி. குறி விழுந்த பெண்களின் கூரைக்குக் கோடைக்கு முன் வெள்ளையடிக்கலாம். சுண்ணாம்புக்கு ஆகும் செலவு ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவைவிட எத்தனை மடங்கு வரும், சொல்லுங்கள். அப்புறம் பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் இருக்கிறது, அதில் 14,000 ரொக்கம், மீதி சத்துணவுப் பெட்டகம். நல்ல திட்டம். ஆனால் தவணைகள் கர்ப்பத்துக்கும் குழந்தைக்கும் எத்தனை மாதம் என்று பார்த்து வருகின்றன, காலண்டரின் மாதத்தைப் பார்ப்பதில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதம் பாத்தியில் இறங்காமல் இருக்க அவளுக்கு ஆகும் கூலி இழப்பை அந்த மாதத்திலேயே ஈடுகட்டினால்தான் அவள் நிற்பாள். குஜராத்தில் உழைக்கும் ஏழைப் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு இதைப் போல ஒன்றை முயன்றிருக்கிறது. வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உறுப்பினர்களின் கணக்கில் பணம் விழும் காப்பீடு. 2023ல் 21,000 பெண்களோடு தொடங்கியது. 2024ல் 40 டிகிரியைத் தாண்டியபோது 400 ரூபாய் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். 400 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கப் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1961ல் வந்த மகப்பேறு பயன் சட்டத்திலேயே, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட வாரங்களில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது என்று எழுதியிருந்தது. 2017ல் விடுப்பை 26 வாரமாக நீட்டினார்கள். தினக்கூலிக்கு, அதுவும் மேஸ்திரி கையால் கூலி வாங்குகிறவள், யாரிடம் போய்க் கேட்டுக்கொள்வாள்? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனதை எந்தப் பிரேதப் பரிசோதனையில் காட்டுவது?

உலக அளவிலும் இதே மறதிதான். ஐ.நா.வின் மக்கள்தொகை நிதியம் 119 நாடுகளின் பருவநிலைத் திட்டங்களை எடுத்துப் பார்த்ததில், கருத்தடை வசதி, மகப்பேறு, பச்சிளங்குழந்தை நலம் பற்றிய பேச்சு இருந்தது 38ல் மட்டும். சூரிய ஒளி மின்சாரம் எத்தனை மெகாவாட் என்று பல திட்டங்களில் இருக்கும்.

மே 1 அன்று எங்கள் ஊராட்சியில் கிராம சபை. தொழிலாளர் தினம், கத்திரிக்கு மூன்று நாள் முன்பு, இரண்டும் பொருத்தம். நானும் பக்கத்து வீட்டு மருமகளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். உப்பளத்துக்குப் போகும் பாதையில் மறைப்போடு இரண்டு கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, கொட்டகை. பிக்மி பதிவில் வேலையையும் கூரையையும் குறித்துக்கொள்ளச் செவிலியருக்கு ஒரு நோட்டு. கிராம சபைக்காக நான் ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்பே வார்டு உறுப்பினர் போனில் கூப்பிட்டுவிட்டார். நோட்டு வாங்கித் தருகிறேன் என்றார். கழிப்பறைதான் சிக்கலாம். உப்பளம் குத்தகை நிலம், ஊராட்சிப் பணத்தில் அங்கே கட்டடம் எழுப்பினால் தணிக்கையில் கேள்வி வருமாம். "பாதை யாரோடது?" என்று கேட்டேன். "பாதை பஞ்சாயத்துது." "அப்ப பாதை ஓரத்துல கட்டுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, சர்வே நம்பர் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நம்பரை நானே வருவாய்த்துறை இணையதளத்தில் எடுத்து அவருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.